கல்லுக்கு ஒரே போகம்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய், நான் எடுக்காமலே இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. வேளா வேளைக்குச் சாப்பிடுகிறேன், பூங்காவில் நடக்கிறேன், பேப்பர்காரனோடு சண்டை போடுகிறேன். அப்பாவுக்குக் கோபமா என்று அம்மாவிடம் கேட்டாயாம். கோபமாக இருந்தால் போனை எடுத்து நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. இது வேறு. இதைப் போனில் சொன்னால் நீ சிரிப்பாய், இல்லாவிட்டால் "டாடி, ப்ளீஸ்" என்று இங்கிலீஷில் தொடங்கிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், மெதுவாகவே படி. எனக்குப் பொறாமை. உன் வருங்கால மாமனார் சம்மய்யாவின் மேல் பொறாமை. வயிறு எரிகிறது. அதனால்தான் கரீம்நகரில் அவர்கள் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

உன் ஆபீசில் பக்கத்து சீட்டில் இருக்கும் தெலுங்குப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ வந்து நின்றபோது நான் மறுத்தேனா? ஸ்ரவந்தியைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துவிட்டது. நான் பேசும் தெலுங்கைக் கேட்டுச் சிரிக்காமல் இருந்த முதல் ஆள் அவள்தான். பிறகல்லவா மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. அவள் ஒரே மகள். கிரானைட் குவாரி வைத்திருக்கும் வீடு. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மருமகனைத் தங்களோடு வைத்துக்கொள்வதை அவர்கள் இல்லரிகம் என்கிறார்கள். அங்கே அது கௌரவமான ஏற்பாடு. ஆனால் பிள்ளையின் அப்பா பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து, "என் மகன் இனி உங்கள் வீட்டில் இருப்பான்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் முகூர்த்தம் குறிப்பார்கள். நீயும் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, அவர் புதிதாகக் கட்டும் கல் மெருகேற்றும் ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய். சேலத்தில் உன் பெரியப்பாவிடம் சொன்னேன். "வீட்டோட மாப்பிள்ளையாடா? ஐதராபாத்துக்குப் போயி இத்தன வருசமா நீ சம்பாரிச்சது இதானா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். உன் அம்மாவிடம் புலம்பினேன். அவள் அசையவே இல்லை. "ஏனுங்க, இங்க இருக்கற கொண்டாப்பூர்ல இருந்து நம்ம குகட்பள்ளி வீட்டுக்கு மாசத்துக்கு ஒருக்கா வர்றான். கரீம்நகர்ல இருந்து வந்தாலும் அதே மாசத்துக்கு ஒருக்காதானுங்க?" என்றாள். அவள் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

இல்லரிகத்தில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. பெரியப்பா வாயை அடைக்க எனக்குத் தெரியும். நீ கல் தொழிலுக்குப் போகிறாயே, அங்கேதான் எனக்கு எரிகிறது. உன் நண்பர்கள் யாராவது உங்க டாடி என்ன செய்தார் என்று கேட்டால் "சென்ட்ரல் கவர்ன்மென்ட்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாய். பூமிக்குள் என்ன இருக்கிறது, அதை வெட்டி எடுத்தால் யாருக்கு லாபம், எவ்வளவு நம்மிடம் தங்கும், எவ்வளவு கப்பலேறிப் போகும் என்று கணக்குப் பார்ப்பதற்கு ஓர் ஆபீஸ் இருக்கிறது, உன் அப்பன் அங்கேதான் தலை நரைத்தான் என்று சொல்ல உனக்கு வாய் வந்ததே இல்லை. ஆபீசிலும் கேட்க ஆளில்லை. எழுதி மேலே அனுப்பினால் மேலேயே தங்கிவிடும். அதனால் வீட்டில் பேசினேன். நீ தட்டில் தோசையை வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டாய். காலடியில் ஒன்றுமில்லாததால் ஒரு நாடு ஏழையாக இருப்பதில்லை, காலடியில் இருப்பதை வெட்டியெடுத்து அப்படியே மூட்டை கட்டி விற்பதால்தான் ஏழையாக இருக்கிறது என்பேன். நீ அம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்பதைக்கூட ஐதராபாத் பாஷையில், "நக்கோ அம்மா, டாடியை ஆஃப் பண்ணு" என்பாய். அவளும் சிரிப்பாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

சமையலறை மேடைக்குக் கல் வாங்கப் போனது உனக்கு நினைவிருக்கும், மறந்திருக்க மாட்டாய், அன்றைக்கு உனக்கு அவ்வளவு அவமானம். கடைக்காரர் பழுப்பு நிறத்தில் ஒரு பலகையைக் காட்டி, "சார், எக்ஸ்போர்ட் ரிஜெக்ட், சூப்பர் பீஸ்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நம் மலையில் வெட்டியது, நல்லது முழுப் பாறையாகச் சீனாவுக்குப் போகிறது, அங்கே அறுத்து மெருகேற்றுகிறவன் பிழைக்கிறான், நமக்குக் கழித்துக் கட்டியதா என்று பிடித்துக்கொண்டேன். பாறையாக விற்றால் வெட்டியவனுக்கும் லாரிக்காரனுக்கும் கூலி, அதோடு சரி. இங்கேயே அறுத்தால் ரம்பம் ஓட்டுகிறவன், ரம்பத்துக்குப் பல் வைக்கிறவன், பெட்டி அடிக்கிறவன், மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன் என்று ஒரு ஊரே பிழைக்கும் என்று கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், கல்லு வேணுமா, வேணாமா?" என்றார். நீ வெளியே போய் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்துகொண்டு, எனக்கும் இந்த மனிதருக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த ரிஜெக்ட் கல்லின் மேல்தான் உன் அம்மா இன்றைக்கும் சப்பாத்தி தேய்க்கிறாள்.

அப்புறம் உன் காலம் வந்தது. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் கோச்சிங் போர்டு, எதிர் பிளாக் பையன் அமெரிக்கா, மேல் மாடிப் பெண் அமெரிக்கா. மாதாப்பூர் பக்கம் பாறைக் குன்றுகளை வெடி வைத்துத் தகர்த்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. உனக்கு முதல் மாதமே வந்த சம்பளத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன், சந்தேகமில்லை. அதோடு சேர்த்துப் பொறாமையும் பட்டேன். உன் மேல் இல்லை, அந்தத் தொழிலின் மேல். கம்பெனி நூறு பேரை வேலைக்கு எடுத்தால் பேப்பரில் முதல் பக்கம். சுரங்கம் ஒரு ஜில்லாவுக்கே சோறு போட்டால் எந்தப் பக்கமும் இல்லை, உள்ளே மண் சரிந்தால்தான் பக்கம். "டாடி, ஐ.டி.ல தூசியே இல்லாம டாலர் வருது" என்று நீ சொன்னாய். உன் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் செம்பும் தகரமும் எந்த மரத்தில் காய்த்தது என்று கேட்டேன். நீ காதில் அந்த ஒயரை மாட்டிக்கொண்டாய். படிக்காதவனுக்கும் கோச்சிங்குக்கு வழியில்லாதவனுக்கும் உன் கண்ணாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன் வேலைதான் உண்டு, குவாரி அவன் ஊருக்கே வந்து வேலை தரும் என்று சொல்ல நினைத்ததை விட்டுவிட்டு நான் பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

இப்போது சம்மய்யாவுக்கு வருகிறேன். முதல் தடவை நீ எங்களைக் குவாரிக்குக் கூட்டிப்போனபோது அந்த மனிதர் வெயிலில் நடந்து வந்து, "ரண்டி பாவகாரு, ரண்டி" என்று, வாங்க வாங்க என்று, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சம்பந்திகள் ஒருவரையொருவர் அப்படித்தான் பாவகாரு என்று கூப்பிடுவார்களாம். வெள்ளைச் சட்டை, கையில் மோதிரங்கள், குரல் மட்டும் அரை மைல் கேட்கும். எனக்குப் பார்த்தவுடனேயே பிடிக்கவில்லை. அறுத்து நிறுத்தியிருந்த ஒரு பெரிய பாறையின் மேல் வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். பாறை முழுக்கக் காயும்போது எங்கே ஈரம் கோடாக நிற்கிறதோ அங்கே உள்ளே விரிசல் இருக்கிறது என்று நீ எனக்கு விளக்கினாய். எனக்கு! அதை நான் உனக்குச் சொல்லித்தர நீ ஒரு நாளாவது நின்றிருக்கிறாயா? உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், கண்ணு. பள்ளிக்கூடத்தில் கப் வாங்கி வந்தபோதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அப்புறம் ஒன்று சொன்னாய். "டாடி, மாமய்யா சூப்பரா ஒண்ணு சொல்வாரு. பயிருக்கு மூணு போகம், கல்லுக்கு ஒரே போகமாம். அந்த ஒரு போகத்துல வந்தத தின்னுட்டா மிஞ்சறது குழி மட்டும்தானாம். என்ன ஐடியா பாரு!" நான் "ம்" என்றேன். எனக்கு உள்ளே தீப்பிடித்துக்கொண்டது.

அது என் வாக்கியம். தோசைத் தட்டுக்கு முன்னால் நான் எத்தனை வருஷம் சொன்ன வாக்கியம்! பயிருக்கு மூன்று போகம், கல்லுக்கு ஒரே போகம், அதனால் கல்லில் வரும் பணத்தைச் சாலையாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆஸ்பத்திரியாகவும் கைத்தொழிலாகவும் மாற்றி நட்டுவைக்காத நாடு கடைசியில் குழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்பேன். நான் சொன்னால் லெக்சர், அவர் சொன்னால் ஐடியா. உள்ளூர் மாடு விலை போகாது என்று சும்மாவா சொன்னார்கள்? அவருக்கு அந்த வாக்கியம் எப்படித் தோன்றியது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். பெரிய உண்மை என்றால் இரண்டு பேருக்குத் தோன்றக் கூடாதா என்று என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். சமாதானமாகவில்லை.

அவரிடம் குறை கண்டுபிடிக்க நான் பட்ட பாட்டை நீ அறியமாட்டாய். ஆனால் அந்த ஆள் குறை சொல்லவும் விடுவதில்லை. மழை இல்லாத பூமி, போர் போட்டால் புகை வருகிற பூமி, வீட்டுக்கு ஓர் ஆண் துபாயில் கிடந்த ஊர் அது. குவாரி வந்தபின் திரும்பி வந்தவர்களை நானே பார்த்துப் பேசினேன். முதலில் டீக்கடை வந்ததாம், பிறகு பஞ்சர் கடை, பிறகு லேத் பட்டறை, பிறகு பேங்க். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய ராயல்டியை அவர் ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று, நான் ரிட்டையரான பிறகும், பழைய சிநேகிதர்களிடம் விசாரித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கட்டாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட்டுத்தான் விசாரித்தேன். கட்டுகிறார். கடைசியில் ஒன்று சிக்கியது. வெட்டி முடித்த பழைய குழியில் தண்ணீர் நிற்கிறது, சுற்றிலும் வேலி இல்லை. ஆடு மாடு விழும், பிள்ளைகள் விழும், வேலி எங்கே என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன். மறுநாளே ஆளை விட்டு வேலி போட்டுவிட்டு, "பாவகாரு சொன்னது சரி" என்று எனக்குப் போன் பண்ணிச் சொல்கிறார். இப்படிப்பட்டவரை என்னதான் செய்வது?

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நல்ல சாப்பாடு, குறையொன்றும் இல்லை. அம்மாவுக்குக் கால் வலி என்று நான் தனியாகத்தான் வந்தேன். கூடத்தில் ஜமக்காளம் விரித்து ஒரு பக்கம் அவர்கள், எதிர்ப் பக்கம் நான். பெரியவர்கள் ஃபேக்டரியைப் பற்றிக் கேட்டார்கள். பாறையாக விற்றாலே காசு வருகிறது, எதற்கு இந்த வேண்டாத வேலை என்றார் ஒருவர். அதற்குச் சம்மய்யா தெலுங்கில் ஒரு கதை சொன்னார். இளவயதில் அவர் குவாரிக்கு லைசென்ஸ் வாங்கிய புதிதில் கரீம்நகரில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்ததாம். மத்திய அரசாங்கத்து ஆபீசர் ஒருவர் வந்து பேசினாராம். "ஒரு அரவ சாரு. ஆணை பெண்ணாக்கி, பெண்ணை மாடாக்கி ஒரு தெலுங்கு பேசினாரு பாருங்க! நாங்க எல்லாரும் பிரியாணிக்காகத்தான் போயிருந்தோம். கடைசி பெஞ்சுல உக்காந்து சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிருச்சு. ஆனா அவர் சொன்னதுல ஒண்ணு மட்டும் மனசுல நின்னுருச்சு. கல்லுக்கு ஒரே போகம்னாரு. இந்த ஃபேக்டரி அந்த ஒரு வார்த்தைக்குத்தான்." தமிழனை அவர்கள் அரவ என்பார்கள், உனக்குத் தெரியும். அந்தத் தெலுங்கைப் போலவே பேசியும் காட்டினார். கூடமே சிரித்தது.

அந்த அரவ சார் நான்தான். கரீம்நகரில் அந்த வகுப்பை நடத்தியவன் நான். அப்போது நீ கைக்குழந்தை. அவருக்கு என் முகம் நினைவில்லை, இருக்கவும் நியாயமில்லை, அப்போது எனக்குத் தலை நிறைய முடி. கூடம் சிரித்தபோது நான் அவரைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தேன். இந்த வாக்கியத்தை உலகத்திலேயே அதிகமாகக் கேட்ட காது உன்னுடையது. இவன் எழுந்து நிற்பான், "மாமய்யா, அது எங்க டாடி!" என்று கத்துவான் என்று காத்திருந்தேன். நீ அவருக்குப் பக்கத்தில், அவர் தோளை ஒட்டி உட்கார்ந்து, அந்தப் பெரியவர்களோடு சேர்ந்து, அந்த அரவ சாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் என் பக்கம் திரும்பி, "செப்பண்டி பாவகாரு, உங்க வார்த்தையைச் சொல்லுங்க" என்றார். "சூத்தாம்" என்றேன். பார்க்கலாம் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டேன். நீ பஸ் ஸ்டாண்டு வரை ஓடி வந்தாய், பஸ் கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அந்த சாரு நானுதான்னு அங்கயே சொல்ல வேண்டியதுதானுங்களே? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டாள். நானாகச் சொன்னால் என்ன மதிப்பு, அவனாகத் தெரிந்து சொல்ல வேண்டும் என்றேன். "உங்க தெலுங்க அந்தாளு அப்படியேவா பேசிக் காட்டினாரு?" என்று மறுபடி கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வருகிறது. பிறகு சிரிப்பை நிறுத்தி, "பொறாமைப்பட ஒரு ஆளு வேணும்னா அந்த சம்மய்யாதானுங்க உங்க மேல படணும். கடைசி பெஞ்சுல இருந்து கேட்டுட்டு ஒரு ஃபேக்டரியே கட்டிட்டாரு. நம்ம பையன் பக்கத்துலயே உக்காந்து கேட்டான், தோசதான் தின்னான்" என்றாள். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாளா, உன்னைத் திட்டினாளா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அன்றிலிருந்து போனை எடு, எடு என்று உயிரை வாங்குகிறாள்.

சரி, நீ கரீம்நகருக்குப் போ. போகிறவனுக்குச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, இந்தத் தடவை காதில் ஒயர் வேண்டாம். கல்லை அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறு, தூசி வேலைக்காரன் நெஞ்சுக்குப் போகக் கூடாது. மூக்குக்குத் துணி கொடுத்தோம், கட்டவில்லை என்று சாக்குச் சொல்லாதே, கட்ட வைப்பது முதலாளியின் வேலை. மலை நாட்டுக்குச் சொந்தம், லாபம் உங்களுக்குச் சொந்தம், தூசி மட்டும் அந்த ஊருக்குச் சொந்தம் என்று ஆகிவிடாமல் பார். ராயல்டியில் ஒரு காசு ஏய்க்க ஆரம்பித்தால் அன்றைக்கே உன் அப்பனுக்கு நீ எதிரி. வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து மெஷினில் நிறுத்துவது சுலபம், அந்த ஊர்ப் பையனுக்குக் கற்றுக்கொடுப்பது கஷ்டம், கஷ்டமானதைச் செய். கல் தீர்ந்து போகும் நாள் கட்டாயம் வரும். அன்றைக்கு அவன் கையில் வேறெங்கேயும் சோறு போடும் ஒரு தொழில் இருக்க வேண்டும். இதையெல்லாம் சம்மய்யா உனக்கு முன்பே சொல்லியிருந்தால் அதை என்னிடம் சொல்லாதே, எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது.

அந்த அரவ சார் யார் என்று அவரிடம் நீயே சொல். சொல்லாமல் விடுகிற பெருந்தன்மையெல்லாம் எனக்குக் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில், அந்தப் பெரியவர்கள் எல்லோரும் இருக்கும்போது, சத்தமாகச் சொல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பந்த் எதுவும் இல்லாவிட்டால் காலை பஸ்சுக்கே நானும் அம்மாவும் வருகிறோம். சொல்ல வேண்டியதைத் தெலுங்கில் சொல்கிறேன், தப்பாக இருந்தால் சிரித்துக்கொள்ளட்டும். "என் மகன் இனி உங்கள் வீட்டில் இருப்பான்" என்று நான் சொல்வேன். ஆனால் ஒன்று. அதைச் சொல்லி முடிக்கும் வரைக்கும் நீ ஜமக்காளத்தில் என் பக்கம் வந்து உட்கார். நான் சொல்லி முடித்த பிறகு எழுந்து அந்தப் பக்கம் போ.

அப்பா